மின்மேளம் உபயம் செய்யும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

முரசையும் மணியையும் மோட்டாரால் அடிக்கும் பெட்டியான மின்மேளத்தைக் கோயில்களுக்கு வாங்கித் தரும் உபயதாரர்களுக்கும், அதைப் பெற்று மண்டபத்தில் நிறுத்தும் அறங்காவலர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நான் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவன். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார், மாவு மில் மோட்டார், கிரைண்டர், மிக்ஸி எல்லாம் எங்களிடம் வரும். ஆடியும் மார்கழியும் நெருங்கினால் சுற்றுவட்டாரக் கோயில்களிலிருந்து மின்மேளங்களும் வந்து சேரும். சுருள் எரிந்துபோனவை, கெப்பாசிட்டர் போனவை, பெல்ட் அறுந்தவை என்று எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்துக் கூலி வாங்குகிறேன். ஆகவே இயந்திரத்தைக் கண்டு முகம் சுளிப்பவனின் கடிதம் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். இயந்திரத்தால் சோறு உண்பவன் நான். இருந்தும், மின்மேளம் சுவாமி சன்னதியில் ஒலிக்க வேண்டிய பொருள் இல்லை என்று உறுதியாக நினைக்கிறேன். நீங்கள் நல்ல மனத்தோடுதான் அதை வாங்கித் தருகிறீர்கள். அந்த நல்ல மனத்தை நம்பித்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். கால் குதிரைத் திறனோ அரைக் குதிரைத் திறனோ உள்ள ஒரு மோட்டார். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. அதில் ஓடும் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,440 சுற்றுச் சுற்றும். அந்த வேகத்தைப் பற்சக்கரமோ பெல்ட்டோ குறைத்து ஒரு தண்டைச் சுழற்றுகிறது. தண்டில் பொருத்திய கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கி விட, ஒரு கோல் முரசை அடிக்கிறது, தாளத் தட்டுகள் மோதுகின்றன, மணி ஆடுகிறது. அவ்வளவுதான். சன்னதியில் கேட்கும் தாளத்தின் வேகத்தை மின்தொகுப்பின் அதிர்வெண் முடிவு செய்கிறது. திரை விலகினாலும் அதே அடி, திரை மூடினாலும் அதே அடி. அர்ச்சகர் ஒற்றைத் தீபம் காட்டுகிறாரா, அடுக்குத் தீபமா, கற்பூரமா என்பது அந்தத் தண்டுக்குத் தெரியாது. தீபாராதனை நடுவில் மின்சாரம் போனால் அடி பாதியில் நின்றுவிடும். மின்னழுத்தம் குறைந்தால் மோட்டார் உறுமும், அடி தளரும்.

கருங்கல் மண்டபத்துக்குள் அது ஓடும்போது நின்று கேட்டிருக்கிறீர்களா? ஓதுவார் பாடும் தேவாரம் கேட்காது. அர்ச்சகர் சொல்லும் போற்றி கேட்காது. பக்கத்தில் நிற்கும் பாட்டி வாய்விட்டு வேண்டிக்கொள்வது அவருக்கே கேட்காது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். சத்தம் பெரிதாக இருந்தால் பக்தி பெரிதாகும் என்ற எண்ணம் நமக்குள் எப்படியோ புகுந்துவிட்டது. கோயிலுக்கு வெளியே கட்டும் ஒலிபெருக்கிகளும் அந்த எண்ணத்தின் பிள்ளைகள்தான்.

நாதஸ்வரம் ஊதும் ஒரு நாயனக்காரரும் தவில்காரரும் அதே இடத்தில் நின்றால் என்ன செய்வார்கள் என்று எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் நடை திறக்கும்போது பூபாள ராகமோ பௌளி ராகமோ கேட்கும். இரவு பள்ளியறைக்குச் சுவாமி எழுந்தருளும்போது நீலாம்பரி. கண்ணை மூடிக்கொண்டு தெருவில் நடந்து போகிறவருக்கும் கோயிலில் இப்போது எந்தக் காலப் பூசை என்று புரியும். உற்சவர் புறப்பாட்டுக்கு மல்லாரி. அது கம்பீர நாட்டை ராகத்தில் அமைந்தது, அதற்குச் சாகித்தியம், அதாவது பாடல் வரிகள், கிடையாது. நாயனத்தின் மூச்சும் தவிலின் அடியும் சேர்ந்து சுவாமி எழுந்துவிட்டார் என்று ஊருக்கு அறிவிக்கும். கோபுர வாசலைத் தாண்டி வீதிக்கு வந்தபிறகு ராக ஆலாபனை தொடங்கும். இதற்குள்ளும் தீர்த்த மல்லாரி, தளிகை மல்லாரி, தேர் மல்லாரி என்று சந்தர்ப்பத்துக்கு ஏற்ற வகைகள் உண்டு. தவில்காரரின் கண் அர்ச்சகரின் கையில் இருக்கும். தீபம் உயர உயர அடி நெருங்கும். கெட்டிமேளம் எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்பதை அவர் கேட்டும் பார்த்தும் பல ஆண்டுகள் பழகியும் அறிந்து வைத்திருக்கிறார். இந்த அறிவுக்குப் பதிலாக நாம் ஒரு சுவிட்சை வைத்திருக்கிறோம்.

என் நம்பிக்கை எளியது. கடவுளுக்கு மேளம் தேவை என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு நெய்யும் தேனும்கூடத் தேவைப்படாது. கோயிலில் நாம் கொடுப்பதெல்லாம் நம்மிடமிருந்து போக வேண்டும் என்பதற்காகவே கொடுக்கிறோம். பூக்கட்டுகிறவர் தம் விரலைக் கொடுக்கிறார். பல்லக்குத் தூக்குகிறவர் தோளைக் கொடுக்கிறார். நாயனக்காரர் மூச்சைக் கொடுக்கிறார். அது உயிரிலிருந்து எடுத்துக் கொடுப்பது. மின்மேளம் ஓடும்போது அந்த இடத்தில் யாரும் எதையும் கொடுப்பதில்லை. அறநிலையத்தின் மின்கட்டணக் கணக்கில் கொஞ்சம் ஏறுகிறது.

தொழில்நுட்பம் கோயிலுக்குள் நுழையவே கூடாது என்கிறீர்களா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல மாட்டேன். தங்கும் அறையையும் தரிசனச் சீட்டையும் இணையத்தில் பதிவு செய்வது நல்லது. வெயிலில் வரிசையில் நிற்கும் கர்ப்பிணிகளுக்கு அது உதவி. கும்பாபிஷேகத்தை நேரலையில் காட்டுவதால் படுக்கையில் கிடக்கும் பெரியவர்கள் கைகூப்ப முடிகிறது. உண்டியல் அருகே க்யூஆர் குறியீடு ஒட்டியிருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை, பணம் எந்த வழியில் வந்தாலும் கணக்கில் வந்தால் போதும். கைப்பேசியைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் அதைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவை முழு மனத்தோடு வரவேற்றவன் நான். தீபம் காட்டும் நேரத்தில் கண் திரையில் இருந்தால் தீபத்தைப் பார்க்க முடியாது.

எந்தக் கருவியை ஏற்பது, எதை வெளியே நிறுத்துவது என்பதற்கு என்னிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. அது நம் சமயத்துக்குள்ளிருந்தே கிடைத்தது. சீர்காழிக்கு அருகே திருக்கோலக்கா இருக்கிறது. சம்பந்தர் குழந்தையாக அங்கே போய்க் கையால் தாளம் தட்டிப் பாடினார் என்பதும், பிஞ்சுக் கை சிவந்து நோகக் கண்ட இறைவன் பொற்றாளம் கொடுத்தார் என்பதும் நாம் எல்லோரும் கேட்ட வரலாறு. பொன்னுக்கு நல்ல ஓசை வராது என்று அம்பிகை அந்தத் தாளத்துக்கு ஓசை தந்தாள் என்பது தலபுராணம். ஓசை கொடுத்த நாயகி என்ற பெயரோடு இன்றும் அவள் அங்கே இருக்கிறாள். இதைவிடத் தெளிவான தீர்ப்பு எனக்குத் தெரியவில்லை. கை நோகிறது என்றால் கருவியைக் கொடுத்திருக்கிறார்கள். குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தாளத்தைத் தானாக ஒலிக்க வைக்கவில்லை. பாடுகிறவரின் கையில் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு சம்பந்தர் ஊர் ஊராகப் போய்ப் பாடினார்.

மேளக்காரர்கள் இந்த அளவுகோலை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். அவர்கள் ஒருபோதும் புதுமைக்கு எதிரிகளாக இருந்ததில்லை. பழைய நாதஸ்வரம் குட்டையானது, திமிரி என்பார்கள். சுருதி மிக உயரம். நாதஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி, நாதஸ்வர வித்துவான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தேவைக்காக நீளம் கூடிய பாரி நாதஸ்வரத்தை வடிவமைத்தார். சுத்த மத்திமம் என்ற ஸ்வரம் அதில் சரியாகப் பேசியது, சுருதி இறங்கியது. இன்று பெரும்பாலோர் வாசிப்பது அதைத்தான். பழைய வீடுகளின் ஆச்சா மரத்தை வாங்கிக் கடைந்து செய்யப்படும் அந்த நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தவிலை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு தோல் வாரை இழுத்துக் கட்டிச் சுருதி சேர்ப்பார்கள். மழைக்காலத்தில் பெரும் பாடு. இப்போது இரும்பு வளையமும் நட்டும் போல்ட்டும் வந்துவிட்டன. ஸ்பானரால் ஒரு திருகு திருகினால் தோல் இறுகும். என்னைப் போன்ற பட்டறைக்காரன் பார்த்து மகிழும் வேலை அது. சுருதிக்காக ஒத்து என்ற குழலை ஊதுவதற்கென்று தனியாக ஒருவர் இருந்த இடத்தில் மின்னணுச் சுருதிப்பெட்டி வந்துவிட்டது. அதில் ஒருவருடைய பிழைப்புப் போனது உண்மை, அது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அங்கே வாசிப்பு வாசிப்பாகவே நின்றது. மின்மேளம் வந்த சன்னதியில் வாசிப்பே இல்லை.

இப்போது உங்கள் பதில்களுக்கு வருகிறேன். பட்டறை வாசலில் பல அறங்காவலர்கள் சொல்லிக் கேட்டவைதான் இவை.

“ஆள் கிடைப்பதில்லை” என்கிறீர்கள். ஆள் ஏன் கிடைப்பதில்லை? ராஜராஜ சோழன் (985–1014) தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டி வைத்த கல்வெட்டுகளைப் படித்துப் பாருங்கள். திருப்பதியம், அதாவது தேவாரம், பாட 48 பிடாரர்கள், அவர்களோடு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேர். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல். இன்னொரு கல்வெட்டில் ஆடல் ஆசான்கள், பாடுவோர், கொட்டுவோர் என்று நீளும் பட்டியலில் ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு நூறு கலம் நெல். பங்கு பெற்றவர் இறந்தாலோ வேறு ஊர் போனாலோ என்ன செய்வது என்பதையும் எழுதியிருக்கிறார்கள். நெருங்கிய உறவினர் அந்தப் பணியை ஏற்கலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதி உள்ள ஒருவரைத் தேர்ந்து அவர் நிறுத்த வேண்டும். நெருங்கிய உறவினர் இல்லாவிட்டால் மற்றவர்கள் கூடித் தேர்ந்துகொள்ள வேண்டும். கலைஞர் காலியிடத்தை எப்படி நிரப்புவது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். படி அளந்தார்கள், ஆள் இருந்தார்கள். நாம் படி அளப்பதை நிறுத்தினோம். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். போனதில் என்ன தவறு? பட்டினி கிடந்து கலையைக் காப்பாற்று என்று எந்தத் தகப்பனும் மகனிடம் சொல்ல முடியாது.

இன்றும் ஆள் இல்லாமல் போய்விடவில்லை. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாதஸ்வரமும் தவிலும் தேவாரமும் மூன்றாண்டுப் படிப்பாகச் சொல்லித் தருகிறார்கள். படித்து வெளியே வரும் பிள்ளைகள் கல்யாண மண்டப வாசலில் முகூர்த்த மாதங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். மார்கழியிலும் ஆடியிலும் கல்யாணம் இல்லை, அந்த இரண்டு மாதமும் வருமானமும் இல்லை. கோயிலில் பாட்டும் மேளமும் மிகுதியாகத் தேவைப்படுவதும் அதே இரண்டு மாதங்களில்தான். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். இத்தனை போருக்கும் இடப்பெயர்வுக்கும் பிறகும் இணுவிலும் அளவெட்டியும் நாயனத்துக்கும் தவிலுக்கும் பேர்போன ஊர்களாகவே இருக்கின்றன. திருவிழா என்றால் மேளக் கச்சேரிக்காக விடிய விடிய உட்கார்ந்திருந்த மக்கள் அவர்கள். கேட்கிறவர் இருந்தால் வாசிக்கிறவர் இருப்பார்.

இன்னொரு பதில் கனமானது, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். “மேளம் என்றால் ஒரு சாதி, பறை என்றால் ஒரு சாதி என்று பிறப்பால் கட்டிவைத்திருந்தோம். இயந்திரம் வந்தது நல்லதாகப் போயிற்று, யாரும் யாருக்கும் அடிமைச் சேவகம் செய்ய வேண்டியதில்லை” என்று ஓர் இளைஞர் என்னிடம் சொன்னார். அவர் கோபம் நியாயமானது. நாயனக்காரர் தோளில் துண்டு போட்டால் பொறுக்காத ஊர்கள் இருந்தன. சாவுக்கும் சாமிக்கும் பறை அடிக்கக் கூலி இல்லாமல் கூப்பிட்ட ஊர்கள் இருந்தன, வராவிட்டால் அடித்தார்கள். அந்தக் கட்டாயம் முற்றாக ஒழிய வேண்டும், எங்காவது எச்சம் இருந்தால் அதுவும் ஒழிய வேண்டும். ஆனால் மின்மேளம் அந்த இழிவைத் துடைக்கவில்லையே. வாசித்தவரை மரியாதையோடு உள்ளே அழைத்துச் சம்பளம் கொடுத்திருந்தால் அது மாற்றம். நாம் அவரைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டோம்.

கலை பிறப்பைச் சார்ந்தது இல்லை என்பதற்கு நமக்குச் சான்று தேட வேண்டியதில்லை. ஷேக் சின்ன மௌலானா ஆந்திரத்தில் பிறந்த முஸ்லிம். தஞ்சாவூர்ப் பாணி நாதஸ்வரத்தைத் தேடி வந்து, திருவரங்கத்தில் குடியேறி, அரங்கன் திருமுன் வாசித்தார். அங்கேயே மாணவர்களுக்கு இசை சொல்லிக் கொடுத்தார். தொழுகையும் மல்லாரியும் அவரிடம் ஒன்றோடொன்று சண்டையிடவில்லை. பெண்கள் நாயனம் ஊதக் கூடாது என்று சொன்ன காலத்தில் மதுரை பொன்னுத்தாயி ஊதினார், சித்திரைத் திருவிழாவிலேயே ஊதினார். எந்தச் சாதியில் பிறந்தாலும் எந்த மதத்தில் இருந்தாலும் ஆணோ பெண்ணோ, முறையாகக் கற்றவரைக் கூப்பிடுங்கள். அப்படி ஒரு சன்னதி அமைந்தால் அந்த இளைஞரும் வந்து நின்று கேட்பார் என்று நம்புகிறேன்.

“பணம்?” என்பது கடைசிப் பதில். இதில் கணக்கை ஒளிக்காமல் பேசுவோம். ஒரு மின்மேளத்துக்குச் செலவாகும் தொகையை வைத்து ஒரு கலைஞரை ஆண்டு முழுவதும் வைத்திருக்க முடியாது. ஒரு லட்சம் ரூபாயை ஏழு விழுக்காடு வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 7,000 ரூபாய்தான் வரும். ஒருவர் குடும்பம் நடத்த அது போதாது, போதும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். ஆகவே ஒருவராகச் செய்ய வேண்டாம். அந்தக் காலத்தில் கட்டளை என்று ஒன்று வைத்தார்கள். இன்ன பூசைக்கு, இன்ன நாளுக்கு, இன்னாருடைய நிலத்து வருமானம் என்று எழுதி வைப்பார்கள். அதை மேளத்துக்காக மீண்டும் தொடங்குங்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஐந்தாறு கோயில்கள் சேர்ந்து ஒரு நாயனக்காரரையும் ஒரு தவில்காரரையும் மாதச் சம்பளத்துக்கு அமர்த்தலாம். பிரதோஷம் எல்லாச் சிவன் கோயிலிலும் ஒரே நாளில் வரும், அங்கே மோதல்தான். அதைச் சுழற்சி முறையில் பிரித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை ஓர் அம்மன் கோயில், கிருத்திகைக்கு முருகன் கோயில், திருவோணத்துக்குப் பெருமாள் கோயில் என்று பிரித்தால் மாதம் நிறைந்துவிடும். சம்பளத்தைக் கையில் சுருட்டிக் கொடுக்காமல் வங்கிக் கணக்கில் போடுங்கள். வாசிப்பவருக்கு நிற்கும் இடமும் குடிக்கத் தண்ணீரும் மண்டபத்தில் இருக்கட்டும். பிரசாதம் கொடுக்கும்போது அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

மேளக்காரர் வராத நாளில் என்ன செய்வது? கைமணி போதும். ஊர்ப் பிள்ளைகள் யாராவது சேகண்டியை அடிக்கட்டும், சங்கு ஊதத் தெரிந்தவர் ஊதட்டும். யாரும் இல்லாவிட்டால் அர்ச்சகர் மணியோடு பூசை நடக்கட்டும். அந்த அமைதியில் தேவாரம் பாடத் தெரிந்த ஒருவர் ஒரு பதிகம் பாடினால் மண்டபம் முழுவதும் கேட்கும்.

உங்கள் பெயரை எழுத இடம் இருக்காதே என்று கவலைப்பட வேண்டாம். “இந்தச் சன்னதியில் சாயரட்சை மேளம் இன்னார் கட்டளை” என்று கல்லில் வெட்டி வையுங்கள். மின்மேளத்தின் தகரத்தில் எழுதிய பெயர் துருப்பிடித்துப் போவதைப் பட்டறையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வரும் ஆடிக்கு முன் ஒரு கோயிலிலாவது இதைத் தொடங்கிப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்ட மின்மேளம் வீணாகிவிடுமே என்று தயங்குகிறவர்கள் அதை என் பட்டறைக்குக் கொடுத்தனுப்புங்கள். மோட்டாரைக் கழற்றி, பேரிங் மாற்றி, கூலி வாங்காமல் கிரைண்டரில் பொருத்தித் தருகிறேன். அரைக் குதிரைத் திறன் மோட்டார் மடப்பள்ளிக்கு உளுந்து அரைக்கத் தாராளமாகப் போதும். அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தோள்வலியாவது குறையும்.

இப்படிக்கு,
காவிரிக் கரையில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் ஓர் அன்பன்